திருப்பிச் சொல்ல வேண்டாமுங்க

ஹலோ... ஆமா, ஆமா, ஊட்டி ரத்த வங்கி நஞ்சப்பண்ணன்தானுங்களே?... நான்தாங்க, ஜெகதளாப் பக்கத்து எஸ்டேட் ஆஸ்பத்திரி. டெலிபோன் சில்வஸ்டர்... இல்லீங்க, மெதுவாச் சொல்ல மாட்டேன். ரெண்டு தடவையும் சொல்ல மாட்டேன். மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. ஒரு தடவை கேட்டாப் போதும்ங்கற காதும், ஒரு தடவை சொன்னாப் போதும்ங்கற வாயும் ஒரே தலையில அமைஞ்சிருக்கறது இந்த நீலகிரி மாவட்டத்துலயே எனக்கு ஒருத்தனுக்குத்தான்... சிரிக்காதீங்ணா. விளையாட்டுக்குச் சொல்லல. காலேஜ் லீவுல இங்க போன் எடுக்க வந்து இன்னையோட இருவத்தி ரெண்டு நாள். ஒரு தகவல், ஒரே ஒரு தகவல் தப்பாப் போனதில்ல...

கேத்தி டீயா? அதை யாருங்க உங்ககிட்டச் சொன்னது?... சரி, சரி, அதை அப்புறம் பேசலாம். அவசரம். எழுதிக்கோங்க.

ரெண்டு பை ரத்தம் வேணும்... ஆமா... பேரு பாலாமணி. நம்ம எஸ்டேட்டுல கொழுந்து எடுக்கறவங்க. வயசு இருவத்தாறு. ஒண்ணரை மணிக்குப் பிரசவம். பொண்ணு. கொழந்தை நல்லாருக்குது, அழுகைச் சத்தம் இங்க வரைக்கும் வருது. தாய்க்குத்தான் ரத்தம் நிக்க மாட்டேங்குது... ஆமா, டாக்டரம்மாவும் ஜெஸிந்தா சிஸ்டரும் உள்ளதான் இருக்காங்க... என்ன?... என்ன குரூப்பா?... ஹலோ... ஹலோ... மழைங்க, கொரகொரங்குது... ஏனுங்ணா, பி பாசிட்டிவ்!... கேட்டுச்சுங்களா?... ஆமா, ஆமா. அதேதான். சரி, சரி.

என்னது?... அட, திருப்பிச் சொல்ல வேண்டாமுங்க! இப்பத்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்... உங்க வழக்கமா இருக்கலாம். எங்கிட்ட வேண்டாம். எடுத்துத் தனியா வெச்சிருங்க. சாம்பிளும் சீட்டும் வாங்கிட்டு டிரைவர் சங்கிலியண்ணன் ஜீப்புல கிளம்பி அரை மணி ஆச்சு... வழியில மரம் விழுந்திருக்காமா?... அவரு மரத்துக்கு அடியில பூந்தாவது வந்துருவாரு...

ஐயோ, வெச்சிராதீங்ணா! போனை வெச்சிராதீங்க. இந்த ஒரு லைனுக்கு நாப்பது நிமிஷம் நம்பர் சுத்தியிருக்கேன். ஆள்காட்டி விரல்ல ரேகையே இல்ல. இனி கைநாட்டு வெக்கணும்னா வேற விரலைத்தான் பாக்கணும். சங்கிலியண்ணன் அங்க வந்து சேர்ற வரைக்கும் லைனை விடாதேன்னு டாக்டரம்மா உத்தரவு... ஆமா, நீங்களும் விடாதீங்க. பேசிட்டே இருக்கலாம். பேசறதுக்கு எனக்குக் கஷ்டமில்ல.

இங்கயா? இங்க நானு, ஒரு மேசை, ஒழுகற கூரைக்கு ஒரு வாளி. எதிர்ல ஒருத்தர் நிக்கறாரு. பாலாமணியோட ஊட்டுக்காரரு, சுடலைமணின்னு. டீ பேக்டரியில வேலை. அவரு கம்பளியில இருந்து சொட்டற தண்ணிக்கு இன்னொரு வாளி வேணும்... ஒரு மணி நேரமா உதட்டுக்குள்ள என்னமோ முணுமுணுத்துட்டே நிக்கறாரு... சாமி கும்பிடறாருன்னு நினைக்கிறேன். எந்தச் சாமின்னு தெரியல. ரொம்பச் சின்ன மந்திரமா இருக்குது. முடிஞ்சு முடிஞ்சு மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிக்குது... சுடலையண்ணே, உக்காருங்க... ரத்தம் சொல்லியாச்சுண்ணே, உக்காருங்க... ம்ஹூம், உக்கார மாட்டேங்கறாரு.

ஏன் திருப்பிச் சொல்ல வேண்டாங்கறேனா? அதுதாங்க எங்க ஆஸ்பத்திரி வியாதி. மத்த ஆஸ்பத்திரியில படுத்திருக்கறவங்களுக்கு வியாதி. எங்க ஆஸ்பத்திரியில நடமாடறவங்களுக்கு. ஜெஸிந்தா சிஸ்டர் பரப்பினது. யாரு எதைச் சொன்னாலும், கேட்டவங்க அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். சொன்னவங்க 'ஆமா, அதேதான்'னு சொல்லணும். அப்புறம்தான் காலை எடுத்து வெக்கணும். டாக்டரம்மாவுக்கே விலக்கு கிடையாது. 'அஞ்சு மில்லி'ம்பாங்க டாக்டரம்மா. 'அஞ்சு மில்லி'ம்பாங்க சிஸ்டர். 'ஆமா, அஞ்சு மில்லி'ம்பாங்க டாக்டரம்மா. அஞ்சு மில்லி மருந்துக்குப் பதினஞ்சு மில்லி பேச்சு...

கேன்டீனுக்கும் தொத்திக்கிச்சுங்க! 'ஒரு டீ, ரெண்டு வடை'ங்கறேன். 'ஒரு டீ, ரெண்டு வடை'ங்கறாரு மாஸ்டர். கையைக் கட்டிட்டு நிக்கறாரு. நான் 'ஆமா, அதேதான்'னு சொல்ற வரைக்கும் வடை எண்ணெய்க்குள்ளயே கெடக்குது... போன ஞாயித்துக்கிழமை சர்ச்சுல ஃபாதர் சொல்லச் சொல்ல ஊரே திருப்பிச் சொல்லுச்சு பாருங்க, அங்க மட்டும்தான் ஜெஸிந்தா சிஸ்டரைப் பாத்தா நம்ம மனுஷங்க மாதிரி தெரிஞ்சுது.

இதை எழுதலாமேங்கறீங்களா?... ஆமா, ஆமா, எழுதியே இருக்கேன். எங்க காலேஜ்ல கையெழுத்துப் பத்திரிகை நடத்தறோம். பேரு 'ஊட்டி கேரட்'... இல்லீங்ணா, விவசாயப் பத்திரிகை இல்ல. கேத்தியில இருந்து ரெண்டு பேரு அப்படி நம்பித்தான் படிக்கறாங்க, நாங்களும் அவங்க மனசை நோகடிக்கல... இந்த மாசக் கட்டுரை என்னுது. தலைப்பு, 'கிளிப்பிள்ளை மருத்துவமனை'. இங்கதான் மேசை மேல இருக்குது. கேக்கறீங்களா?... ஒரே பத்திதான். 'அறுவை அறை. மருத்துவர் கை நீட்டுகிறார். மருத்துவர்: கத்தி. செவிலி: கத்தி. மருத்துவர்: பஞ்சு. செவிலி: பஞ்சு. மருத்துவருக்குத் தும்மல் வருகிறது. மருத்துவர்: அச்சு! செவிலி: அச்சு. எத்தனை மில்லி, டாக்டர்?'

சிரிச்சீங்களா?... இல்ல, சிரிச்ச மாதிரியும் இருந்துச்சு, லைன் இருமின மாதிரியும் இருந்துச்சு... நன்றிங்க.

அந்தக் கேத்தி டீ சமாச்சாரம்... விட மாட்டேங்கறீங்க. சரி, சொல்றேன். போன வாரம் டாக்டரம்மா வார்டுல இருந்து போன்ல, 'கேத்தீட்டர் ஒண்ணு உடனே எடுத்துட்டு வரச் சொல்லு'ன்னாங்க. மூத்திரம் போறதுக்குச் சொருகற குழாய். அன்னைக்கு எனக்கு அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாது. எனக்குக் கேட்டது, 'கேத்தி டீத்தூள் ஒண்ணு.' சரி, சரின்னேன். நம்ம அட்டெண்டர் அழகர்சாமியண்ணன் பாவம், மழையில பஸ் ஏறி கேத்தி போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்தாரு. இதுல என்ன தப்புங்க? சொன்னேன், போனாரு, வாங்கினாரு, வந்தாரு. தகவல் போய்ச் சேந்துதா இல்லையா?... நோயாளியா? அவரு பொறுத்துட்டாரு. பொறுக்கத்தானே வேணும்... அந்த டீயை டாக்டரம்மாவே ரெண்டு கப் குடிச்சாங்க. குடிச்சுட்டு என்னை ஒரு பார்வை பாத்தாங்க, ஒண்ணுமே சொல்லல. ஒண்ணும் சொல்லலைன்னா பாராட்டுன்னுதானே அர்த்தம்?

சிஸ்டர்தான் விடல. 'ஏந்தம்பி, ஒரு தடவை திருப்பிச் சொல்லியிருந்தா'ன்னு ஆரம்பிச்சாங்க. நான் சொல்லிட்டேன். 'சிஸ்டர், நான் ஒரு குழாய் மாதிரி. இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் விட்டுருவேன். குழாய் எங்கயாவது தண்ணியைத் திருப்பிச் சொல்லுமா'ன்னேன்... அந்தக் குழாய் இல்லீங்ணா, தண்ணிக் குழாய்... உண்மையைத்தான் சொன்னேன். சொல்லி முடிச்சதும் எனக்கு மறந்துரும். மண்டையில ஒரு சொட்டு தங்காது. அதுதான் தொழில் சுத்தம்.

சிஸ்டருங்களா? கோபமெல்லாம் படல. அவங்க அப்படித்தான். ஏன் சிஸ்டர் இப்படி ஒரு பழக்கம்னு நானும் ஒரு நாள் கேட்டேன். 'ஒரு தடவை கேக்காம விட்டுட்டேன், தம்பி'ன்னாங்க. அவ்வளவுதான். ஊசி கொதிக்க வெக்கப் போயிட்டாங்க... தெரியலீங்க, அதுக்கு மேல சொல்லல. அந்த வரியைக் கட்டுரையில சேக்கல. அதுல சிரிப்பு வரல, அதான்.

இருங்ணா... என்ன அழகர்சாமியண்ணே?... மறுபடியும் துணியா?... கீழ் அலமாரியில இருக்குது பாருங்க... அத்தனையுமா?... சரி, எடுத்துட்டுப் போங்க.

ஒண்ணுமில்லீங்ணா. லைன்லதான் இருக்கேன்... உள்ளுக்குத் துணிக்கட்டு கொண்டு போறாரு. நாலாவது தடவை... சிஸ்டர் கையை எடுக்காம வயித்தை அமுக்கிப் புடிச்சுட்டு நிக்கறாங்களாமா... நஞ்சப்பண்ணா, சங்கிலியண்ணன் ஜீப்பு வந்துருச்சான்னு கொஞ்சம் ஜன்னல் வழியா எட்டிப் பாருங்களேன்... பச்சை ஜீப்பு. முன்னாடி ஒரு லைட்டு எரியாது... இல்லீங்களா... சரி... சரி.

சுடலையண்ணே, கொஞ்சம் உக்காருங்களேண்ணே. நீங்க நின்னா ஜீப்பு வேகமா வருமா?... இல்லண்ணே, அப்புறமாச் சொல்லுங்க. போன் பேசிட்டிருக்கேன்ல.

ஹலோ... ஆமா, சொல்லுங்ணா... அங்க யாருங்க சத்தம் போடறது?... கோத்தகிரிப் பார்ட்டியா... நாளைக்கு ஆபரேஷனா, சரி, சரி... இருக்கற கடைசி ரெண்டு பையும் அவங்களுக்கா? தாராளமாக் குடுங்க. நமக்குத் தனியா எடுத்து வெச்சுட்டீங்கல்ல, அப்புறமென்ன... ஆமா, ஆமா... நல்லவேளைதான்... ஆமா, நமக்கு ஏபி, அவங்களுக்கு பி. ரெண்டு பேருக்கும் சண்டையில்ல. சரி, சரி...

...

நஞ்சப்பண்ணா. இப்ப நான் என்ன சொன்னேன்?

இல்ல, கடைசியா. கடைசியா என்ன சொன்னேன்?... நமக்கு ஏபின்னா?... அது நீங்க சொன்னதைத்தானே நான்... நீங்க யாரு சொல்லி எழுதினீங்க?... நானா? நான் ஏபின்னா சொன்னேன்? என் வாயாலயா?... 'ஆமா, அதேதான்'னு வேற சொன்னேனா...

இல்லீங்ணா, நான் பின்னு சொன்ன மாதிரிதான்... மாதிரிதான். சத்தியம் பண்ணத் தெரியல. ஞாபகத்துல இல்ல... அதான் சொன்னேனே, குழாய்ன்னு. ஐயோ... சீட்டா? டாக்டரம்மா எழுதின சீட்டு ஒண்ணே ஒண்ணு. அது சாம்பிளோட ஜீப்புல வருது. ஜீப்பு மரத்துக்கு அந்தப் பக்கம் நிக்குதோ, இந்தப் பக்கம் நிக்குதோ...

உங்க ரத்த வங்கி டாக்டர் மேடம் என்ன சொல்றாங்க?... சாம்பிளைப் பாத்தாத் தெரிஞ்சுருமா. தெரியும்ங்க. அது எனக்கும் தெரியும். தெரியறதுக்குள்ள அந்தக் கோத்தகிரிக்காரங்க பையைத் தூக்கிட்டுப் போயிருவாங்களே. நம்முது பியா இருந்தா?... வேற பி ஒண்ணு கூடவா இல்ல?... எப்ப வரும்?... நாளைக்குக் காலையிலயா... நாளைக்குக் காலையில வரைக்கும் இங்க... இல்லீங்ணா, இங்க அலமாரியில துணியே தீந்து போச்சு.

அவங்களை அனுப்பாதீங்க! பிடிச்சு வெய்யுங்க. டீ வாங்கிக் குடுங்க. மழை விடட்டும்னு சொல்லுங்க. ரசீதுல கையெழுத்துச் சரியில்லன்னு சொல்லுங்க. எதையாவது சொல்லுங்க, அஞ்சே நிமிஷம்.

அழகர்சாமியண்ணே! அண்ணே! ஓடிப்போய் சிஸ்டர்கிட்ட, ஏபியா பியான்னு கேட்டுட்டு வாங்க. ஏபியா பியா. ஓடுங்க, ஓடுங்க!

ஆள் அனுப்பியிருக்கேன்... இருக்கேன், இருக்கேன்... நீங்க அந்தக் கோத்தகிரிக்காரரு மேலயே கண்ணா இருங்க... குடையை விரிச்சுட்டாரா? மடக்கச் சொல்லுங்க.

வந்துட்டாரு. சொல்லுங்கண்ணே, என்ன?... என்னது, 'ஆமா'வா? ஏபியா பியான்னு கேட்டா 'ஆமா'ன்னா என்னண்ணே அர்த்தம்?... சிஸ்டரா சொன்னாங்க?... கதவுல நின்ன ஆயாகிட்டயா கேட்டீங்க? என்னன்னு கேட்டீங்க?... 'பிபி பாத்தாச்சா'ன்னா!

...இல்லண்ணே. உங்களைத் திட்டல. உங்க மேல தப்பில்ல. நான் சொன்னது அப்படித்தான் கேட்டிருக்கும். அப்படியே நில்லுங்க, யோசிக்கிறேன்.

சுடலையண்ணே, ஒரு நிமிஷம் அந்த மந்திரத்தை நிறுத்துங்க, போன்ல ஒண்ணும்...

என்ன சொன்னீங்க?

இப்ப முணுமுணுத்தீங்களே, அது. சத்தமாச் சொல்லுங்க... இன்னும் சத்தமா.

'என் சம்சாரம் பாலாமணி. ரத்தம் பி பாசிட்டிவ்.'

...இதை யாருண்ணே சொல்லிக் குடுத்தது?... ஜெஸிந்தா சிஸ்டரா... எட்டாம் மாசம் கார்டு குடுக்கறப்பவா... பத்துத் தடவை திருப்பிச் சொல்லச் சொன்னாங்களா... தப்பாச் சொன்னா மொதல்ல இருந்தா... இவ்வளவு நேரமும் இதைத்தான் சொல்லிட்டு நின்னீங்களா?... போன் பண்ற தம்பிகிட்டச் சொல்லுன்னு சிஸ்டர் உங்களை அனுப்பினாங்களா? அப்புறம் ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?

...ஆமா. உக்காருங்கன்னேன்... ஆமாண்ணே. மூணு தடவை.

அந்தக் கார்டு இருக்குதுங்களா? எடுங்க. கம்பளிக்குள்ளயா... பிளாஸ்டிக் கவரைப் பிரிக்க வேண்டாம், நனைஞ்சுரும். அப்படியே வெளிச்சத்துல காட்டுங்க.

நஞ்சப்பண்ணா! கேக்குதுங்களா? பி. வெறும் பி. கார்டு என் கண்ணு முன்னாடி இருக்குது. பாலாமணி, கணவர் பேரு சுடலைமணி. பி பாசிட்டிவ். சிவப்பு மையில, ரெண்டு அடிக்கோடு, ஜெஸிந்தா சிஸ்டர் கையெழுத்து... முன்னாடி ஏ இல்ல. பின்னாடியும் இல்ல. கார்டு முழுக்கத் தேடிட்டேன், எங்கயுமே ஏ இல்ல.

அந்த ஏ எங்க இருந்து வந்துச்சுன்னு இப்பத்தான் எனக்கு உறைக்குது. 'ஏனுங்ணா, பி பாசிட்டிவ்'னு சொல்லியிருக்கேன். நடுவுல 'னுங்ணா'வை மழை தின்னுருச்சு. 'ஏ'யும் 'பி'யும் மட்டும் ஒண்ணாக் கையைக் கோத்துட்டு ஊட்டி வந்து சேந்துருச்சு... இல்லீங்க, உங்க தப்பு இல்ல. நீங்க திருப்பிச் சொல்றேன்னீங்க. நான்தான்... சரி, விடுங்க. இனி உங்களை அப்படிக் கூப்பிடவே மாட்டேன். நஞ்சப்பண்ணான்னு பேரைச் சொல்லியே கூப்பிடறேன். மரியாதை கொஞ்சம் கொறஞ்சாலும் பரவால்ல.

அந்தக் கோத்தகிரிக்காரரு?... படியில எறங்கிட்டாரா! கூப்பிடுங்க, கூப்பிடுங்க!...

ஹலோ...

ஹலோ... நஞ்சப்பண்ணா...

ஆ, சொல்லுங்க... நின்னுட்டாரா... என்ன கேக்கறாரு?... யாருக்குன்னா கேக்கறாரு? சொல்லுங்க. கொழந்தை பொறந்து இன்னும் ரெண்டு மணி நேரம் ஆகல, தாய் இன்னும் மொகத்தைக் கூடப் பாக்கலன்னு சொல்லுங்க. அவங்க ஆளுக்கு நாளைக்குத்தானே ஆபரேஷன், காலையில பை வந்துரும்னு சொல்லுங்க... ம்... ம்... திருப்பிக் குடுத்துட்டாரா?... ரெண்டையுமா?... அவரு பேரென்னங்க?... இல்ல, சும்மாதான். மாரிச்சாமியா. சரி. மாரிச்சாமி.

சுடலையண்ணே, கிடைச்சுருச்சு. கிடைச்சுருச்சுண்ணே... இப்ப உக்காரலாம். வேண்டாம்னா நில்லுங்க, உங்க இஷ்டம்.

மேடத்துக்கு என்னங்க?... கார்டு மட்டும் போதாதா... சிஸ்டர் வாயால ஒரு வார்த்தை வேணுமா. நியாயம்தான். நானா இருந்தா எனக்கே நம்பிக்கை வராது.

அழகர்சாமியண்ணே, இங்க வாங்க. ஓட வேண்டாம். பக்கத்துல வாங்க. சிஸ்டர்கிட்ட மட்டும் கேக்கணும். கதவுல ஆயா இருந்தா விலகச் சொல்லுங்க. 'பாலாமணிக்கு ரத்தம் என்ன குரூப்பு?' இதுதான் கேள்வி. நீங்களா ஒரு எழுத்தும் சேக்க வேண்டாம். அவங்க என்ன சொல்றாங்களோ அது... இப்ப நீங்க சொல்லுங்க, யாருகிட்ட, என்ன கேக்கப் போறீங்க?... ம்... ஆமா. அதேதான். போயிட்டு வாங்க.

ஏன் சிரிக்கறீங்க நஞ்சப்பண்ணா?... இது அது இல்ல. அது திருப்பிச் சொல்றது. இது வந்து... சரிபாக்கறது. ரெண்டும் வேற வேற... கட்டுரையா? கட்டுரை இருக்குது. இங்கதான் இருக்குது. அதை இப்ப எதுக்கு...

என்னங்க? நிஜமாவா? ஒரு லைட்டுதானே எரியுது? அப்ப சங்கிலியண்ணனேதான்! வந்துட்டாரு, சுடலையண்ணே, ஜீப்பு வந்துருச்சு!... சாம்பிள் உடையலைல்ல?... மடியிலயே வெச்சுட்டு வந்தாரா... நனைஞ்சு போயி நிக்கறாரா, கொஞ்சம் டீ குடுங்க அவருக்கு. கேத்தி டீயா இருந்தாலும் பரவால்ல.

இதோ, அழகர்சாமியண்ணன். என்ன சொன்னாங்க?... சிஸ்டரேதானே?... 'பி பாசிட்டிவ்.' சரி. பி பாசிட்டிவ். நஞ்சப்பண்ணா, சிஸ்டர் வாயால பி பாசிட்டிவ்... வேற ஏதாவது சொன்னாங்களாண்ணே?... 'சில்வஸ்டர் திருப்பிச் சொன்னானா'ன்னு கேட்டாங்களா... நீங்க என்ன சொன்னீங்க?

'என்னையே திருப்பிச் சொல்ல வெச்சுட்டான்'னா?... சரி, சரி.

பாலாமணியக்கா எப்படி இருக்காங்க?... கண்ணைத் தொறந்து பாத்தாங்களா... கொழந்தை எங்கன்னு கேட்டாங்களா... சரி. இதை சுடலையண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா வேற மாதிரி போய்ச் சேந்துரும்.

ஹலோ, நஞ்சப்பண்ணா... ஆமா, ஆ... இல்ல, இருங்க. 'ஆமா, ஆமா'ன்னு சொன்னதை எடுத்துக்காதீங்க. நீங்க என்ன சொன்னீங்கன்னே எனக்குச் சரியாக் கேக்கல. மெதுவாச் சொல்லுங்க. எழுதிக்கறேன்... பேப்பரா? இருக்குது. ஒரு பக்கம் எழுதினதுதான், பின்பக்கம் வெறுமையாத்தான் கெடக்குது. அது போதும்.

சொல்லுங்க... மொதல் பை, நானூத்திப் பதினேழு. நாலு, ஒண்ணு, ஏழு... ரெண்டாவது, நானூத்தி நாப்பது... இல்லையா? நாப்பத்தி நாலா? நாலு, நாலு, நாலு. மூணும் நாலு... மேடம் சாம்பிளோட பொருத்திப் பாக்க முக்கா மணி நேரம்... எழுதிட்டேன்... ஐஸ் பெட்டியில வெச்சு சங்கிலியண்ணன் கையில. வழியில திறக்கக் கூடாது... மரத்தை வெட்டி எடுத்தாச்சு, ஒத்தை வண்டி போகலாம்... அஞ்சு மணிக்குள்ள இங்க வரும். எழுதிட்டேன்.

அவ்வளவுதானுங்களே?... இருங்க. வெச்சிராதீங்க.

திருப்பிச் சொல்றேன், கேளுங்க.

இல்ல, சிரிச்சாப் பரவால்ல, கேட்டுட்டுச் சிரிங்க. பாலாமணி. பி பாசிட்டிவ். ஏ கிடையாது. ரெண்டு பை. நாலு, ஒண்ணு, ஏழு. நாலு, நாலு, நாலு. முக்கா மணி நேரம். சங்கிலியண்ணன். ஐஸ் பெட்டி. வழியில திறக்கக் கூடாது. அஞ்சு மணி... சரிங்களா?... நீங்க சொல்லணும் நஞ்சப்பண்ணா. நீங்க 'ஆமா, அதேதான்'னு சொல்லணும். சொல்லுங்க...

ஹலோ...

ஹலோ... நஞ்சப்பண்ணா...

லைன் போயிருச்சு, சுடலையண்ணே... இல்லண்ணே, பயப்படாதீங்க. எல்லாம் சொல்லி முடிச்சாச்சு. கடைசி வார்த்தை ஒண்ணுதான் வரல... சுத்திப் பாக்கறேன், கிடைக்காட்டியும் ஜீப்பு வந்துரும்.

அண்ணே, அது வரைக்கும் நீங்க அதை இன்னொரு தடவை சொல்லுங்களேன்.

...ஆமா. அதேதான்.